ஐந்தடி இரண்டங்குல ஆசான்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கச் செயலாளர் மூன்று தடவை போன் பண்ணிவிட்டார். மெஸ் சாம்பாரைப் பற்றியும், ஹாஸ்டல் மொட்டை மாடியைப் பற்றியும், கெமிஸ்ட்ரி லேபில் நாங்கள் கிளப்பிய புகையைப் பற்றியும் மற்ற நண்பர்கள் எழுதியிருப்பார்கள். எழுதட்டும். அடியேன் எழுதப் போவது நம் கல்லூரிக்குள் ஒரு நாளும் கால் வைக்காத ஒரு ஜப்பானியரைப் பற்றி.

கால் வைக்கவில்லையே தவிர, அவர் படம் இங்கே இருந்தது. ஜிம்முக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான ஷெட் ஒன்று உண்டு. எங்கள் காலத்து ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே தேங்காய் நார் மெத்தை, அதன் மேல் இழுத்துக் கட்டிய தார்ப்பாய். சுவரில் கறுப்புக் கிமோனோவும் மீசையுமாக ஒரு பெரியவர். 1981-ல் நான் சேர்ந்த புதிதில் அது நம்ம பி.டி. மாஸ்டருடைய தாத்தா என்றே நினைத்திருந்தேன்! தினமும் உள்ளே நுழைந்ததும் அந்தப் படத்துக்குக் குனிந்து வணக்கம் போட வேண்டும். போட்டோம். யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவர்தான் ஜூடோவை உண்டாக்கிய ஜிகோரோ கானோ. அவருடைய வாழ்க்கையை ஒழுங்காகப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கானோ பிறந்தது 1860-ல், மிகாகே என்ற கடற்கரை ஊரில். இப்போது அது கோபே நகரத்தோடு சேர்ந்துவிட்டது. அரிசியிலிருந்து சாகே என்னும் மது காய்ச்சும் வசதியான குடும்பம். சின்ன வயதிலேயே தாயார் இறந்து போனார். தகப்பனார் பையனை டோக்கியோவுக்கு அழைத்துக்கொண்டு போய், ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பையன் படிப்பில் கெட்டிக்காரன், உடம்பில் நோஞ்சான். முழுசாக வளர்ந்த பிறகே அவர் உயரம் ஏறக்குறைய ஐந்தடி இரண்டங்குலம்தான் என்றால், அப்போது எப்படி இருந்திருப்பார் பாருங்கள். பெரிய பையன்கள் நன்றாக மொத்தினார்கள். ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

பலம் இல்லாதவன் பலசாலியை வீழ்த்த ஜூஜுத்ஸு என்று ஒரு வித்தை உண்டு என்று யாரோ சொல்ல, அதைக் கற்றே தீருவது என்று கிளம்பினார். ஆனால் காலம் மாறியிருந்தது. 1868-ல் புது அரசாட்சி வந்து, சாமுராய்களின் காலம் முடிந்து, 1876-ல் வாள் கட்டிக்கொண்டு தெருவில் நடக்கவும் தடை போட்டாயிற்று. பழைய வித்தைக்காரர்களைச் சீந்துவாரில்லை. அவர்களில் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுப் பிழைத்தார்கள். நம்ம ஊரில் புத்தூர் கட்டு போடுகிறார்களே, அந்த மாதிரி. மூட்டை முறுக்கத் தெரிந்தவருக்குச் சேர்த்து வைக்கவும் தெரியும் இல்லையா? எனவே கானோ கட்டுப் போடும் வைத்தியர்களாகப் பார்த்து விசாரித்துக்கொண்டே போனார். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த 1877-ல்தான் ஃபுகுடா ஹாச்சினோசுகே என்ற ஆசான் கிடைத்தார். அவரும் கட்டுப் போடுகிறவரே.

அந்தக் காலத்து வாத்தியார்கள் எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்வார்கள். ஃபுகுடா ஒரு நாள் கானோவைத் தூக்கிப் போட்டார். கையை எங்கே வைத்தீர்கள், காலை எங்கே வைத்தீர்கள் என்று கானோ கேட்டார். ஆசான் பதில் சொல்லாமல் மறுபடியும் போட்டார். எழுந்து மறுபடியும் கேட்டால், மறுபடியும் போடுகிறார்! உடம்பு முழுக்கக் களிம்பு தடவிக்கொண்டு கிளாசுக்குப் போவாராம். இருந்தாலும் அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. ஒரு மனிதன் எதனால் விழுகிறான்?

கூடப் படித்தவர்களில் ஃபுகுஷிமா என்று ஒரு தடியர். கானோவால் அவரை அசைக்க முடியவில்லை. சுமோ பிடிகளைப் பார்த்தார், பலிக்கவில்லை. கடைசியில் லைப்ரரியில் மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகம் ஒன்றைப் பிடித்தார். எதிராளியின் கால்களுக்கு நடுவே புகுந்து, அரிசி மூட்டை தூக்குவது போலத் தோளில் ஏற்றி மறுபக்கம் இறக்கிப் போடுவது எப்படி என்று அதில் இருந்தது. சிநேகிதர்களிடம் பழகிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் ஃபுகுஷிமாவையே தூக்கிப் போட்டுவிட்டார். அந்த வீச்சுக்குப் பின்னால் கத்தா குருமா என்று பெயர் வைத்தார். தோள் சக்கரம் என்று அர்த்தம். (எங்கள் செட்டில் மெஸ் குருமாவுக்கும் இதற்கும் முடிச்சுப் போடாத ஆள் கிடையாது.) இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1879-ல் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி கிராண்ட் டோக்கியோ வந்தபோது அவர் முன்னால் வித்தை காட்டியவர்களில் மாணவர் கானோவும் ஒருவர். அதே மாதம் ஃபுகுடா காலமானார். அடுத்து இஸோ மாசாடோமோ என்பவரிடம் சேர்ந்தார். அவரும் 1881-ல் போய்ச் சேர, கிட்டோ என்னும் வேறொரு வழியைச் சேர்ந்த ஈக்குபோவிடம் போனார். அங்கேதான் பழைய கேள்விக்கு விடை பிடிபட்டது. நேராக நிற்கும் ஆளைப் பலத்தால் போட முடியாது. முதலில் அவனுடைய நிலை குலைய வேண்டும். அவன் தள்ளினால் இழு; இழுத்தால் கூடவே போ. நிலை குலைந்த பிறகு சுண்டு விரல் பலம் போதும். சில வருஷத்துக்குள் ஈக்குபோவால் இந்த மாணவரைப் போடவே முடியாமல் போயிற்று. இனி நான் கற்றுத் தர ஒன்றுமில்லை என்று ஆசானே சொல்லி, சுவடிகளையும் கொடுத்துவிட்டார்.

1882-ல், 21 வயதில், டோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில் இடம் பிடித்து கானோ பள்ளி தொடங்கினார். பெயர் கோடோகான். பன்னிரண்டு பாய் விரிக்கிற இடம். ஜப்பானியப் பாய் ஒன்று ஆறடிக்கு மூன்றடி என்று வைத்துக்கொண்டால், நம் ஹாஸ்டல் அறை இரண்டைச் சேர்த்தால் வந்துவிடும். முதல் வருஷம் ஒன்பது மாணவர்கள். விழுகிற விழுச்சியில் கோயில் தரையே ஆட்டம் கண்டதாம். பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டு, அந்தச் சம்பளத்தைப் போட்டுத்தான் இதை நடத்தினார்.

தான் கற்றுத் தருவதை ஜூஜுத்ஸு என்று அவர் சொல்லவில்லை, ஜூடோ என்றார். ஜூ என்றால் வளைந்து கொடுக்கும் மென்மை. ஜுத்ஸு என்றால் வித்தை, டோ என்றால் வழி. பெயர் மட்டும் மாறியது என்று நினைத்தால் தப்பு. பழைய பள்ளிகளில் புது ஆள் அடிபட்டு அடிபட்டு, தப்பிப் பிழைத்தால் கற்றுக்கொள்வான். கானோ பள்ளியில் முதல் பாடமே விழுவது எப்படி என்பது. கையால் பாயை அறைந்து, தலையை உள்ளே மடக்கி, ஆயிரம் தடவை விழுந்து பழகணும். கண்ணைக் குத்துவது, விரலை முறிப்பது போன்றவற்றைச் சுதந்திரமாக மோதிப் பழகும் ரண்டோரியிலிருந்து எடுத்துவிட்டார். ஆனால் பழசைத் தூக்கி எறியவும் இல்லை. ஆபத்தான பிடிகளையும், வீச்சின் சுத்தமான வடிவத்தையும் இருவர் முன்னமே ஒத்துக்கொண்டு செய்யும் கட்டாவில் பத்திரப்படுத்தினார். ரண்டோரி கட்டுரை எழுதுவது போல, கட்டா இலக்கணம் போல என்று அவரே ஒப்பிட்டிருக்கிறார். இலக்கணம் மட்டும் படித்தவனுக்குப் பேச வராது, இலக்கணமே தெரியாதவன் பேச்சு ஒரு நாள் காலை வாரும்.

அந்தக் கட்டாக்களைப் பற்றி நிறையச் சொல்லலாம். வீச்சுகளின் கட்டாவில் 15 வீச்சுகள். வலப்பக்கம் ஒரு தரம், இடப்பக்கம் ஒரு தரம். கோஷிகி என்ற 21 அசைவுக் கட்டா கிட்டோ வழியிலிருந்து அப்படியே எடுத்தது. கனமான போர்க் கவசம் போட்டிருப்பதாகப் பாவனை பண்ணி, மெதுவாக, கம்பீரமாகச் செய்ய வேண்டும். வயதான காலத்திலும் கானோ இதைத் தாமே செய்து காட்டியிருக்கிறார். இத்ஸுத்ஸு என்ற ஐந்து அசைவுக் கட்டாவில் அசைவுகளுக்குப் பெயர்கூட இல்லை. அலை வருவதும் தண்ணீர் சுழல்வதும் போல இருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது ஜூ-நோ-கட்டா. பதினைந்து அசைவு. ஒருவர் தாக்குவார், மற்றவர் விலகி அந்த விசையோடேயே போய் அவர் நிலையைக் குலைப்பார், முதுகில் தூக்கவும் செய்வார்; ஆனால் போட மாட்டார், கீழே இறக்கிவிடுவார். பாயும் வேண்டாம், அங்கியும் வேண்டாம், சாதாரண உடுப்பிலேயே செய்யலாம்.

கானோ போட்டிக்கு விரோதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1884-லேயே மாதாந்திரப் போட்டியும், சிவப்பு அணி வெள்ளை அணி மோதலும் அவர் பள்ளியில் வந்துவிட்டன. உடம்பை வளர்ப்பது, மோதலில் ஜெயிப்பது, ஆளைப் பண்படுத்துவது என மூன்று நோக்கம் சொன்னார். ஜெயிப்பது அதில் ஒன்றுதான்.

1889-ல் அரசாங்கம் அவரைக் கல்வி முறைகளைப் பார்த்து வர ஐரோப்பாவுக்கு அனுப்பியது. திரும்பி வரும் கப்பலில், மிகப் பெரிய வெள்ளைக்காரர் ஒருவர் இந்தச் சின்ன மனிதரிடம் பலப்பரீட்சைக்கு வந்ததாகக் கதை. ஆள் ரஷ்யர் என்பார்கள். கானோ அவரைத் தூக்கிப் போட்டார். அதிசயம் அதுவல்ல. விழும்போது அந்த ஆளின் தலை கப்பல் பலகையில் மோதாமல் இருக்கத் தம் கையை அடியில் கொடுத்துத் தாங்கினாராம். கப்பலில் இருந்தவர்கள் அதைத்தான் பேசிக்கொண்டார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். முன்னால் சொல்கிறேன் என்றேனே, அந்தக் காரணம் இது. 1983-ல் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு எங்கள் எடையில் ஒரே ஒரு இடம். நானும் என் ரூம்மேட்டும் போட்டி. அவன் என்னைவிட நன்றாகச் செய்வான். முதுகில் ஏற்றிப் போடும் வீச்சு எனக்கு வாகாகக் கிடைத்தது. முறையென்ன? போடுகிறவன் எதிராளியின் சட்டைக்கையைக் கடைசி வரை விடக் கூடாது. விழும் தருணத்தில் அதை மேலே இழுத்துப் பிடித்தால் அவன் முதுகு சமமாகத் தரையில் படும், அடி படாது. பி.டி. மாஸ்டர் தினம் கத்துவார். நான் விட்டேன். தெரிந்தேதான் விட்டேன், கூடவே அவன் மேல் விழுந்தால் புள்ளி நிச்சயம் என்று கணக்கு. அவன் தோள் மடங்கி விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. அந்த வருஷம் பிராக்டிகல் எழுத முடியாமல் அக்டோபரில் எழுதினான். நான் போட்டிக்குப் போய் வெண்கலம் வாங்கி வந்தேன். அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் நான் ஷெட் பக்கமே போகவில்லை. எல்லாரும் படிப்புக்காக விட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

சரி, கானோவிடம் வருவோம். அவருடைய பிழைப்பு ஜூடோ அல்ல, வாத்தியார் உத்தியோகம். 1891-ல் குமாமோட்டோவில் ஒரு உயர் கல்லூரியின் பிரின்ஸிபால் ஆனார். அங்கே ஆங்கிலம் சொல்லித்தர அவர் வேலைக்கு எடுத்தது எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்னை. மேல்நாட்டார் பலர் ஜூஜுத்ஸுவைப் பற்றி முதலில் படித்தது ஹெர்ன் எழுத்தில்தான். பிறகு டோக்கியோ உயர் ஆசிரியப் பள்ளியில் தலைமை. இடையில் விட்டுத் தொடர்ந்து இருபது வருஷத்துக்கு மேல், 1920 வரை. சீன மாணவர்களுக்காகத் தனிப் பள்ளி ஒன்றும் நடத்தினார். பின்னால் பெரிய எழுத்தாளர் ஆன லூ சுன் 1902-ல் டோக்கியோ வந்ததும் படித்தது அங்கேதான். பெண்களுக்கும் 1890-களிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, 1926-ல் கோடோகானில் மகளிர் பிரிவே திறந்துவிட்டார். நம் தேசத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. தாகூர் கேட்டுக்கொண்டபடி 1929-ல் கோடோகானைச் சேர்ந்த தகாகாக்கி ஷின்ஸோ சாந்திநிகேதனுக்கு வந்து ஜூடோ சொல்லிக் கொடுத்தார்.

இன்னொரு பக்கம், ஜப்பானில் விளையாட்டை வளர்த்தவரும் இவரே. 1909-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் சேர்ந்தார். ஆசியாவிலிருந்து முதல் உறுப்பினர். 1912-ல் ஸ்டாக்ஹோமுக்கு ஜப்பான் அணியை அழைத்துப் போனார். அணி என்றால் இரண்டே வீரர்கள்! அதில் கனாகுரி என்ற மாரத்தான்காரர் அவருடைய ஆசிரியப் பள்ளி மாணவர். வெயில் தாங்காமல் பாதி வழியில் சுருண்டு, யாரிடமும் சொல்லாமல் ஊர் போய்விட்டார். 1967-ல் ஸ்வீடன்காரர்கள் அவரைக் கூப்பிட்டு மிச்சத்தை ஓட வைத்தார்கள். மாரத்தான் முடிக்க 54 வருஷம்! (அரியர்ஸ் வைத்த நண்பர்கள் ஆறுதல் கொள்ளலாம்.)

ஒலிம்பிக்குக்கு இவ்வளவு செய்தவர், ஜூடோவை அதில் சேர்க்க முண்டியடித்திருப்பார் என்றுதானே தோன்றும்? இல்லை. 1936-ல் லண்டனில் ஜூடோ சொல்லித்தந்த கொய்ஸுமியோடு இதைப் பேசியிருக்கிறார். மற்ற நாடுகள் விரும்பினால் தடுக்கப் போவதில்லை, ஆனால் தாமாக முன்னெடுக்க விருப்பமில்லை என்பதே அவர் நிலை. ஜூடோ வெறும் விளையாட்டு அல்ல, வாழ்க்கைக்கான நெறி, கலை, ஆராய்ச்சி என்று நினைத்தார். தேசத்துக்குத் தேசம் கௌரவப் போட்டியாகி, பழைய சண்டை வித்தையாகவே திரும்பிவிடுமோ என்று பயந்தார். 1930-ல் ஐக்கிடோவை உருவாக்கிய உயேஷிபாவின் பயிற்சியைப் பார்த்து அசந்து, தம் சீடர்களையே அவரிடம் கற்க அனுப்பினார். தன் கடையை விட்டு அடுத்த கடைக்கு ஆள் அனுப்புகிற ஆசான் எத்தனை பேர்?

1940 ஒலிம்பிக்கை டோக்கியோவுக்கு வாங்கிக் கொடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. சீனாவோடு யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் பல நாடுகள் எதிர்த்தன. 77 வயதில் 1938 மார்ச்சில் கெய்ரோ கூட்டத்துக்குப் போய் வாதாடிவிட்டு, அமெரிக்கா வழியாகத் திரும்பினார். ஹிகாவா மாரு கப்பலில் நிமோனியா கண்டு, மே 4 அன்று நடுக்கடலிலேயே உயிர் பிரிந்தது. இரண்டே நாளில் யோகோஹாமா. ஜூலையில் ஜப்பான் அந்த ஒலிம்பிக்கையே கைவிட்டது. அதைப் பார்க்காமல் போனார் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தபோது ஜூடோ அதில் சேர்ந்தது. எடைப் பிரிவு இல்லாத போட்டியில், ஆறரை அடி உயர ஹாலந்துக்காரர் ஆண்டன் ஹேசிங்க் ஜப்பானின் கமினாகாவை அமுக்கி ஜெயித்தார். மகிழ்ச்சியில் பாய் மேல் ஓடி வந்த தம் நாட்டு ரசிகர்களைக் கையைக் காட்டித் தடுத்து நிறுத்தினார். கானோ இருந்திருந்தால் தோற்றதற்கு வருத்தப்பட்டிருப்பாரா, அந்தக் கைக்குச் சந்தோஷப்பட்டிருப்பாரா? இரண்டாவதுதான் என்பது என் கட்சி.

அப்புறம் எடைப் பிரிவுகள், நீல அங்கி, மாறிக்கொண்டே இருக்கும் புள்ளிக் கணக்கு. 2010-ல் எதிராளியின் காலைப் பிடித்து நேராகத் தாக்குவதற்குத் தடை வந்தது; 2013-ல் தடை முழுசாயிற்று. மல்யுத்தம் மாதிரி தெரிகிறதாம்! விளைவு என்ன தெரியுமா? மாணவர் கானோ லைப்ரரிப் புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தாரே, அந்தக் கத்தா குருமாவை மூல வடிவில் இன்று போட்டியில் போட்டால் தண்டனை. அது உயிரோடு இருப்பது வீச்சுகளின் கட்டாவில்தான், மூன்றாவது வீச்சாக. கட்டாவுக்கே 2009-லிருந்து உலகப் போட்டி வைத்து மார்க் போடுகிறார்கள் என்பது வேறு கதை. என்னமோ போங்க.

ஃபுகுடா ஆசானைச் சொன்னேன் அல்லவா? அவர் பேத்தி கெய்கோ ஃபுகுடாவைக் கானோவே அழைத்து 1935-ல் மகளிர் பிரிவில் சேர்த்தார். ஐந்தடிக்கும் குறைவான உயரம். பெண் என்பதாலேயே ஐந்தாம் டானில் முப்பது வருஷம் நிறுத்தி வைத்தார்கள். ஜூ-நோ-கட்டாவைத் தம் வாழ்வாக எடுத்துக்கொண்டு, அமெரிக்காவில் குடியேறி, தொண்ணூறு தாண்டியும் சொல்லிக் கொடுத்தார். 2011-ல் அமெரிக்க ஜூடோ அமைப்பு பத்தாம் டான் கொடுத்தது. 2013-ல் 99 வயதில் காலமானார். ஒரு போட்டியில் அவர் யாரையும் ஜெயித்ததாகப் படித்த நினைவில்லை.

இதையெல்லாம் படித்த பிறகுதான் என் ரூம்மேட்டுக்குப் போன் பண்ணினேன். நாற்பது வருஷத்துக்குப் பிறகு சட்டைக்கை விஷயத்தைச் சொன்னேன். தெரியும்டா, அப்பவே தெரியும் என்றான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவனே கட்டா செய்யலாமா என்று கேட்டான். நாலு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டு மொட்டை மாடியில் ஜூ-நோ-கட்டா பழகுகிறோம். முதல் அசைவின் முடிவில் கையை மேலே நீட்டிப் பின்னால் சாய்க்க வேண்டும். அவன் இடது கை காது வரைக்கும்தான் வருகிறது. அதனால் அங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன். பேன்ட் சட்டையிலேயே செய்கிறோம். தூக்கும்போது எனக்கு மூச்சு வாங்குகிறது, அவன் சிரிக்கிறான்.

சந்திப்பன்று காலை எட்டு மணிக்கு, டிபனுக்கு முன்னால், பழைய ஷெட் இருந்த இடத்தில் கட்டியிருக்கும் புது ஹாலில் செய்து காட்டப் போகிறோம். ஜூடோ பழகும் மாணவ மாணவிகள் அவசியம் வரவும். அந்தப் படம் ஹாலில் இல்லை என்று கேள்விப்பட்டேன். ஸ்டோர் ரூமில் இருந்தால் யாராவது துடைத்துக் கொண்டுவந்து மாட்டி வையுங்கள், தம்பிகளா.